விட்டதைப் பிடித்தல்

போக்கர் ஆட்டத்தில் தோல்வி இருவகைப்படும். ஒன்று பிழையாக ஆடியதனால் வருவது. மற்றையது சரியாக ஆடியபோதும் வருவது. முன்னையதைத் திருத்திக்கொள்ளலாம். பின்னையதைப் பொறுத்துக்கொள்ளல் வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரரையும் வீழ்த்துவது பெரும்பாலும் இப்பின்னையதே.

இவ்வாட்டத்தின் பரவலான வகையாகிய ரெக்சாஸ் ஹோல்டெமில் ஒவ்வொருவருக்கும் முதலில் இரு சீட்டுக்கள் வழங்கப்படும். பின்னர் ஐந்து பொதுச் சீட்டுக்கள் மேசையில் விரிக்கப்படும். முதலிரு சீட்டுக்களும் ஏஸ்களாக அமைவது சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒரு முறையே. அவ்வாறு அமைந்து, எதிராளியிடம் இரண்டு இராசாக்கள் இருப்பின், ஏஸ் உடையவர் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 82 ஆகும். எனவே நூற்றில் 18 தடவைகள் அவர் தோற்பார். இத்தகைய இரு மோதல்களில் அடுத்தடுத்துத் தோற்கும் வாய்ப்பும் நூற்றுக்கு மூன்றளவில் உண்டு. நெடுங்காலம் ஆடுபவருக்கு இவையெல்லாம் நேர்ந்தே தீரும்.

சீட்டுக்கட்டுக்கு நினைவு இல்லை. சென்ற ஆட்டத்தின் இழப்பை அடுத்த ஆட்டத்தில் அது ஈடுசெய்வதில்லை. மனிதனோ இழப்பை மறப்பதில்லை. இனித் தன் முறை வந்தாக வேண்டுமென நம்பி, விட்டதைப் பிடிக்கும் வேகத்தில் பந்தயத்தை உயர்த்துகிறான். அப்போது பணத்தோடு நிதானமும் கைவிட்டுப் போகிறது; பொறுக்க வேண்டிய தோல்வி, பிழையால் வரும் தோல்வியாக மாறுகிறது. இதனை அறிந்தோர் கைப்பணத்தின் சிறு பங்கையே ஒரு நாளில் மேசைக்குக் கொண்டு செல்வர். மனம் கலங்கினால் எழுந்துவிடுவர். ஆட்டம் முடிந்தபின் வரவு செலவை விட, எடுத்த தீர்மானங்களையே மீட்டுப் பார்ப்பர்.

ஆயினும் ஆட்டத்திறன் ஒன்றே ஒருவனைக் காத்துவிடாது என்பதற்கு ஸ்ரூ அங்கரின் வாழ்வு சான்றாகும். நியூயோர்க்கிற் பிறந்த அவர், லாஸ் வேகாஸில் நடைபெறும் உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் 1980, 1981 ஆகிய ஈராண்டுகளிலும் வெற்றி பெற்றார். சீட்டாட்டத்தில் ஈட்டியதைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் போதைப்பொருளிலும் இழந்தார். 1997 இல் நுழைவுக் கட்டணமாகிய 10,000 டொலரை வேறொருவர் செலுத்த, மூன்றாம் முறையும் வென்றார். முதற் பரிசு 10 இலட்சம் டொலர். மறு ஆண்டு நவம்பரில் அந்நகரின் மலிவான விடுதியொன்றில் இறந்து கிடந்தார். அப்போது அவருக்கு வயது 45.

திருக்குறளின் சூது அதிகாரம் தோற்றவனைக் கொண்டு தொடங்கவில்லை. அதன் முதற்குறள் வெற்றியையே மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிடுகிறது. இழக்க இழக்கப் பெருகும் ஆசை பத்தாம் குறளிலேதான் வருகிறது. அங்கரின் வாழ்வும் இவ்வொழுங்கிலேயே நடந்தது. அவரை முதலிற் பற்றியது தோல்வியன்று. மூன்று முறை வாய்த்த வெற்றி. தோல்வித் தொடரைத் தாங்கும் பயிற்சி வென்ற நாளிலேயே தொடங்கவேண்டும். அன்று எழுந்து செல்லப் பழகாதவனுக்குத் தோற்ற நாளில் அது கைவருவதில்லை.