ஹவுஸ்ஹோல்ட் என்றால் யார்?

திருநெல்வேலியில், கம்பஸுக்குப் பின்னால் போகும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வாடகை அறை இருக்கிறது. நாங்கள் நான்கு பேர், நான்கு பேரும் கலைப்பீடம், நான்கு பேருக்கும் சேர்த்து இரண்டு லப்டொப். கடந்த ஒன்றரை வருடமாக அந்த அறையில் இரவு பத்து மணிக்குப் பிறகு நாங்கள் அதிகம் கதைத்தது அமெரிக்கக் கொம்பனி ஒன்றின் மென்பொருளைப் பற்றித்தான். சமூகவியல் படிக்கிற பிள்ளைகள் எதற்கு இதைப் படிக்கிறீர்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. அறை வாடகைக்குத் தந்திருக்கிற அம்மாகூடக் கேட்டுவிட்டார்.

தொடக்கிவைத்தது எங்களுக்கு இரண்டு பட்ச் மூத்த அக்கா ஒருவர். அவர் கிளிநொச்சியில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் அமைத்துக் கொடுக்கிற வேலை செய்கிறார். "கோட் எழுதத் தேவையில்லை பிள்ளையள். ஆக்கள் சொல்லுறதக் கேட்டு, என்ன வேணும் எண்டு விளங்கிக்கொள்ளத் தெரியவேணும். அது ஆர்ட்ஸ் ஆக்களுக்குத் தெரியும்தானே?" என்றார். கலைப்பீடத்துக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்கு ஒன்று தெரியும் என்று ஒருவர் வேலை சம்பந்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் இருந்தபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்தக் கொட்டகையைக் கடந்துதான் எங்களில் ஒருத்தி ரியூசனுக்குப் போய்வந்தாள். அதனால் அக்கா சொன்னதும் பிடித்துக்கொண்டோம்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். சேல்ஸ்ஃபோர்ஸ் 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கொம்பனி. அடிப்படையில் அது விற்பனைக்கான மென்பொருள்: யார் வாடிக்கையாளர், யாருடன் கதைத்தோம், எது விலைபோனது என்பதையெல்லாம் இணையத்தில் பதிந்துவைப்பது. தகுதிபெறும் தொண்டு நிறுவனங்களுக்கு 10 பேர் பாவிக்கிற அனுமதியை அவர்கள் இலவசமாகவே கொடுக்கிறார்கள். இலவசம் என்றதும் நிறைய நிறுவனங்கள் எடுத்துவிடும். எடுத்த பிறகுதான் தெரியும், தங்கள் வேலைக்கு ஏற்றபடி அதை அமைக்க ஒருவர் வேண்டும் என்று. அந்த ஒருவருக்கான சான்றிதழ்தான் 'நொன்ப்ரொஃபிட் கிளவுட் கொன்சல்டன்ட்'. அதற்கு முதல் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' பரீட்சை பாஸ் பண்ணவேண்டும். 60 கேள்விகள், 105 நிமிடம், பாஸ் பண்ண 65 சதவீதம்.

ஒரு பரீட்சைக்கு 200 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 60,000. நாங்கள் காசு சேர்க்கத் தொடங்கியபோது மகாபொல மாதம் 5,000 ரூபா, ஆக பன்னிரண்டு மாத மகாபொல ஒரு பரீட்சைக்குச் சரி. (பிறகு 7,500 ஆக்கினார்கள்.) நான்கு பேரும் தனித்தனியாகக் கட்டுவது நடக்காத காரியம். எனவே சீட்டுப் பிடிப்பதுபோல ஒரு ஏற்பாடு செய்தோம். ஆளுக்கு 15,000 போட்டு முதலில் ஒருத்தியை அனுப்புவது, அவளுக்கு வேலை கிடைத்ததும் அடுத்தவளுக்கு அவள் கட்டுவது. தாளில் எழுதி நான்கு பேரும் கையெழுத்தும் வைத்தோம். பொருளியல் படிக்கிறவள் இதில் உள்ள ஓட்டைகளை வரிசையாகச் சொன்னாள், சொல்லிவிட்டு அவளும் வைத்தாள்.

படிப்பதற்குக் காசு தேவையில்லை. ட்ரெயில்ஹெட் என்று அவர்களுடைய இலவசப் பாடத்தளம் இருக்கிறது. ஒரு பாடம் முடித்தால் ஒரு பட்ஜ் தருவார்கள். 100 பட்ஜும் 50,000 புள்ளியும் சேர்ந்தால் 'ரேஞ்சர்' பட்டம். இருபது வயது தாண்டிய நாங்கள் ஒரு கார்ட்டூன் பட்ஜுக்காக விடிய இரண்டு மணிவரைக்கும் முழித்திருந்ததை இங்கே எழுத வெட்கம்தான். ஆனாலும் உண்மை.

சிரமம் மொழியில் இருந்தது. கேள்விகள் ஆங்கிலம். அதுவும் 'ஒரு தொண்டு நிறுவனம் இப்படி விரும்புகிறது, கொன்சல்டன்ட் எந்த இரண்டைப் பரிந்துரைப்பார்' என்று கதை சொல்லிக் கேட்கிற வகை. தமிழ் மொழிமூலம் படித்த எங்களுக்குக் கதையே பாதியில் தவறிவிடும். ஆகவே சொல்லுக்குச் சொல் எங்கட பாஷையில் ஒரு கொப்பி எழுதினோம். நன்கொடையை அந்த மென்பொருளின் பழைய பொதியில் 'ஒப்பர்சூனிற்றி' என்ற இடத்தில் பதிவார்கள், அது விற்பனைச் சொல். நாங்கள் கொப்பியில் 'தருமம்' என்று எழுதினோம். காசு வந்து சேர்ந்துவிட்டால் அதன் நிலை 'குளோஸ்ட் வொன்', அதாவது வியாபாரம் வென்றாகிவிட்டது. கனடாவில் இருக்கிற பெரியப்பா அப்பம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு வன்னியில் ஒரு சிறுவர் இல்லத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கக் காசு அனுப்புகிறார் என்று வையுங்கள். அதுவும் 'வென்றாகிவிட்டது'தான். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் அம்மா வந்து கதவைத் தட்டினார்.

ஆனால் அந்தப் பெரியப்பா உதாரணம்தான் எங்களுக்குப் பாடத்தைத் திறந்துவிட்டது. பெரியப்பா காசு அனுப்பினால் பெரியம்மாவின் பதிவிலும் அது தெரியும், அதற்குப் பெயர் 'சொஃப்ட் கிரெடிட்'. மாதாமாதம் அனுப்பினால் 'ரிக்கரிங் டொனேஷன்'. போன வருடம் தந்து இந்த வருடம் தராமல் விட்டவர்களுக்கென்றே ஓர் அறிக்கை இருக்கிறது. புலம்பெயர்ந்த உறவினர்களின் காசில் நடக்கிற எங்கட ஊர் வாசிகசாலைகளிலும் கோயில்களிலும் இதே கணக்கை யாரோ ஒரு மாமா ஒரு சி.ஆர் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறார். நாங்கள் படித்தது புதிய விஷயம் அல்ல, அந்த மாமாவின் கொப்பியைத்தான்.

பிறகு பெயர்ப் பிரச்சினை வந்தது. சேல்ஸ்ஃபோர்ஸில் ஓர் ஆளை 'கொன்டக்ட்' என்று பதிவார்கள். அதில் கடைசிப் பெயர் கட்டாயம், முதற்பெயர் இல்லாவிட்டாலும் விடும். ஒரே வீட்டில் இருக்கிற கொன்டக்ட்களைச் சேர்த்து 'ஹவுஸ்ஹோல்ட்' ஆக்கி, கடைசிப் பெயரைக் கொண்டு அந்த வீட்டுக்குத் தானாகவே பெயர் வைத்துவிடும். ஸ்மித் வீட்டில் எல்லாரும் ஸ்மித், அதனால் ஸ்மித் ஹவுஸ்ஹோல்ட். எங்களுக்கு அப்படிக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போட்டில் தகப்பனின் பெயரைத்தான் அந்த இடத்தில் போடுகிறோம். கலியாணம் கட்டிய பெண் கணவனின் பெயரைப் போடுவாள். ஆக கந்தையா சிவகுமார் என்பவரின் மனைவியும் பிள்ளைகளும் சிவகுமார், அவர் மட்டும் கந்தையா. மென்பொருள் அந்த வீட்டுக்கு 'கந்தையா அன்ட் சிவகுமார் ஹவுஸ்ஹோல்ட்' என்று பெயர் வைத்துவிட்டது. முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் கூட்டாகக் கடை போட்டதுபோல. எப்படித் திருத்துவது என்று தேடினோம். பெயர் அமைப்பை மாற்ற அதற்குள்ளேயே இடம் இருக்கிறது, மாற்றினோம்.

பழகுவதற்குத் தருகிற வெறும் தளத்தில் பொய்ப் பெயர்களைப் போட்டு அலுத்துப்போய், ஒரு சனிக்கிழமை எங்கள் சொந்தக் குடும்பங்களையே பதிந்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். அது சும்மா விளையாட்டாக எடுத்த முடிவு.

எங்களில் முல்லைத்தீவுக்காரி தன் அம்மாவையும் தம்பியையும் பதிந்தாள். அப்பாவையும் பதிந்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது, 2009 மே மாதத்துக்குப் பிறகு அப்பாவை யாரும் காணவில்லை. கொன்டக்ட் பக்கத்தில் 'இறந்தவர்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. சரி போடலாம், அல்லது வெறுமையாக விடலாம். சரி போட்டால் மென்பொருள் தானாகவே 'தொடர்புகொள்ள வேண்டாம்' என்றும் குறித்துக்கொள்ளும், வீட்டின் பெயரிலிருந்தும் அந்த ஆளை எடுத்துவிடும். பரீட்சைக்கு வரக்கூடிய விஷயம் என்று எங்கள் கொப்பியில் நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தோம்.

என்ன நடக்கிறது என்று பார்க்க அவள் சரி போட்டாள். வீட்டின் பெயரில் இருந்த அப்பப்பாவின் பெயர் போய்விட்டது. அம்மாவுக்கும் தம்பிக்கும் கடைசிப் பெயராக இருப்பது அப்பாவின் பெயர்தானே, அது மட்டும் தனியாக நின்றது. அவள் சரியை எடுத்தாள். திரும்ப அப்பப்பா வந்தார். திரும்பப் போட்டாள், திரும்ப எடுத்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே சொன்னாள்: "அம்மாட்டயும் இதத்தான் கேட்டுக்கொண்டு இருந்தவை."

அவளுடைய அம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் பைல் இருக்கிறது, நாங்களும் பார்த்திருக்கிறோம். மெனிக் பாமில் இருந்து தொடங்கி வீட்டுத்திட்டம், கோழிக்கூடு, தையல் மெஷின், சுயதொழில் கடன் என்று நிரப்பிய படிவங்களின் போட்டோக் கொப்பிகள். ஒவ்வொன்றிலும் குடும்பத் தலைவர் நிலை என்று ஓர் இடம். விதவை என்று போட்டால் ஒரு திட்டத்துக்குள் வரலாம், போடாவிட்டால் வராது. ஓர் இடத்தில் விதவைகள் பட்டியல் என்று தலைப்புப் போட்டுப் பெயர்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்களாம், எந்த இடம் என்று இங்கே சொல்லத் தேவையில்லை. அம்மா அன்றைக்கு அந்தப் பட்டியலில் தன் பெயரைத் தன் கையாலேயே வெட்டிவிட்டு வந்தவர். தையல் மெஷினும் போச்சு. 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்குச் சான்றிதழ் எடுக்கலாம் என்று வந்தது. அரசாங்கத்துக்கே அந்த மூன்றாவது விடைக்கு ஏழு வருடம் தேவைப்பட்டது. அம்மா அதையும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று நாங்கள் கேட்கவுமில்லை.

அந்த இரவு நாங்கள் படித்ததுதான் உருப்படியான பாடம் என்று நினைக்கிறோம். சரி அல்லது வெறுமை என்ற பெட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தெரிவுப் பட்டியல் அமைக்கலாம், அட்மின் பாடத்தில் அது மிக ஆரம்ப விஷயம். என்னென்ன தெரிவுகள் என்று அவளிடம் கேட்டோம். 'இருக்கிறார்', 'இறந்துவிட்டார்', 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று சொன்னாள். மூன்றாவதில் தன்மைப் பன்மை வருகிறது, ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்தில் அப்படி எழுத மாட்டார்கள் என்று பொருளியல்காரி சொன்னாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம்.

அடுத்தது, அந்தப் பதிலை யார் பார்க்கலாம் என்பது. ஒரு பதிவில் இன்ன இடத்தை இன்ன வேலைக்காரர் மட்டும் பார்க்கலாம் என்று பூட்டிவைக்கிற முறை அட்மின் பரீட்சையில் பெரிய பகுதி. அதுவரை அது எங்களுக்கு மனப்பாடம். அம்மாவின் சுவர்ப் பட்டியலுக்குப் பிறகு மனப்பாடம் செய்யத் தேவை வரவில்லை. காசு தருகிறவருக்கு அறிக்கை போகும்போது எண்ணிக்கை போதும், பெயர் எதற்கு? களத்தில் பதிகிறவருக்குத் தெரியவேண்டியது, கணக்குப் பிரிவில் இருக்கிறவருக்கு ஏன் தெரியவேண்டும்? அந்த மென்பொருளில் கனடாப் பெரியப்பாவும் முல்லைத்தீவு அம்மாவும் ஒரே வகைக் கொன்டக்ட்தான், பக்கத்தைப் பார்த்தால் தருகிறவர், வாங்குகிறவர் என்ற வித்தியாசமே தெரியாது. இது எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பெரியப்பாவின் பக்கத்தை எப்படி நிரப்புவது, எப்படி நன்றி சொல்லுவது என்று பாடங்கள் அடுக்கிக்கொண்டே போகின்றன. அம்மாவின் பக்கத்துக்கு வருகிறபோது திட்டம், சேர்ந்த திகதி, காத்திருப்போர் பட்டியல், பெற்ற சேவை என்று சுருங்கிவிடுகிறது. காசு எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தானே கொழுக்கும். ஊரில் படிவம் அடிக்கிறவர்களும் இப்படித்தான்.

பரீட்சைக்குச் சீட்டுக் குலுக்கியதில் பொருளியல்காரியின் பெயர் விழுந்தது. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, கமராவால் சுவர், மேசை, கட்டிலுக்குக் கீழ் எல்லாம் காட்டவேண்டும். நாங்கள் மூன்று பேரும் ஒழுங்கை முகப்பில் காவல். கோயில் லவுட்ஸ்பீக்கர் தொடங்கினால் என்ன செய்வது என்று முதல்நாளே ஐயரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தோம். அவர் நல்லவர், நிறுத்திவைத்தார். கரண்டும் போகவில்லை. எல்லாம் சரியாக நடந்தது, அவள் பெயில். பிழை எங்களில்தான், அறிக்கைகள் அமைக்கிற பகுதியை கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்திருந்தோம். அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். அவளுக்குக் கவலை மற்றவர்களின் 45,000 ரூபாவைப் பற்றி. முல்லைத்தீவுக்காரிதான், "திரும்ப எழுத 100 டொலர்தானே, அரைவாசி விலை, மலிவு" என்று சொல்லிச் சிரிக்கவைத்தாள்.

2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது இன்னொரு பயம் வந்தது. இங்கே என்.ஜி.ஓக்களில் வேலை செய்த தெரிந்த அண்ணாமார் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எந்தத் துறைக்கென்று படிக்கிறோமோ அந்தத் துறையே இருக்குமா? அக்காவுக்கு போன் எடுத்தோம். "குறைஞ்சிட்டுதுதான், பொய் சொல்லமாட்டன். ஆனா காசு குறையக் குறைய, இருக்கிற ஆக்கள ஒழுங்கா வைச்சிருக்கத்தானே பாப்பினம்" என்றார். முழுதாக நம்பவில்லை. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வரலாறும் தமிழும் ரியூசன் கொடுத்து அடுத்த 30,000 சேர்த்தோம்.

இரண்டாம் தடவை பாஸ். கொன்சல்டன்ட் பரீட்சை இன்னும் முன்னால் இருக்கிறது. இதைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: 2023இல் நொன்ப்ரொஃபிட் கிளவுட் என்ற பெயரிலேயே புதிதாக ஒன்றை வெளியிட்டார்கள். அதில் நன்கொடை 'ஒப்பர்சூனிற்றி' இல்லை, 'கிஃப்ட் ட்ரான்ஸாக்ஷன்'. வீட்டைச் சேர்க்கிற முறையும் வேறு. நீங்கள் பதியப்போகிற பரீட்சை பழையதைக் கேட்கிறதா புதியதையா என்று வழிகாட்டியை வாசித்துவிட்டுக் கொப்பி எழுதுங்கள். நாங்கள் கொப்பியில் பாதியைத் திரும்ப எழுதவேண்டியதாகிவிட்டது.

அடுத்த சீட்டு முல்லைத்தீவுக்காரிக்கு. பதிவுசெய்யும்போது பாஸ்போட்டில் உள்ளபடியே பெயர் கொடுக்கவேண்டும், கடைசிப் பெயர் கட்டாயம். அவள் அப்பாவின் பெயரைப் போட்டிருக்கிறாள். அந்தப் பழகுதளத்தில் அவர்கள் வீடு இன்னும் இருக்கிறது, இறந்தவர் பெட்டியில் சரி இல்லை. பூட்டையும் அவளே போட்டுவைத்திருக்கிறாள், எங்கள் மூன்று பேரின் கணக்கிலிருந்து பார்த்தால் அந்த இடமே தெரியாது.