தாய்மாமன் சீர், 1992

எங்க அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு புளி மண்டியில் 30 வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதினார். பழசு, புதுசு என்பதெல்லாம் அவருக்குத் தத்துவம் இல்லை, விலை. புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். வருஷம் போகப்போகக் கறுக்கும். மீன்குழம்புக்குப் பழம்புளிதான் வேணும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. எல்லை தாண்டின சரக்கை அவர் ஒரு உருண்டை கிள்ளி நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார்.

அந்த நாக்கை நம்பித்தான் 2023 டிசம்பரில், அரியமங்கலத்தில் எங்கள் வீட்டு பீரோவிலிருந்து அந்த பாட்டிலை வெளியே எடுத்தோம்.

பாட்டில் மாமா கொடுத்தது. அம்மாவுக்குப் பெரியம்மா மகன், காரைக்கால்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்த ஊர்ப்பக்கம் அவர்களை ‘சொல்தா’ என்பார்கள். 1962-இல் புதுச்சேரியும் காரைக்காலும் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள அங்கிருந்தவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கப்பட்டது. மாமா குடும்பம் வைத்துக்கொண்டது. 1995-இல் லீவில் வந்தவர், நான் பிறந்த 1992-ஆம் வருஷத்து போர்தோ சிவப்பு ஒயின் ஒன்றைக் கொண்டுவந்தார். “இது தாய்மாமன் சீர். இவ கல்யாணத்தன்னிக்கு நீங்களும் நானும் உட்கார்ந்து திறக்கணும் மாப்ள” என்று அப்பாவிடம் சொன்னாராம். 2004-இல் மாமா போய்விட்டார். பாட்டில் பீரோவில் பத்திரங்களுக்குப் பின்னால் நின்றது. என் ஜாதக நகல்கள் இருந்த அதே தட்டு.

பழைய ஒயின் என்றாலே உசத்தி என்று நாம் சினிமாவில் கற்றிருக்கிறோம். போர்தோவில் அப்படி உசத்தியானவை கொஞ்சம்தான். 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காகத் தரவரிசைப்படுத்திய பெரிய தோட்டங்களின் ஒயின், நல்ல வருஷம் அமைந்தால், பல பத்தாண்டுகள் தாங்கும். அங்கே தயாராகும் மற்ற ஒயின்களில் பெரும்பாலானவை சில வருஷங்களுக்குள் குடித்து முடிக்க வேண்டியவை. மாமா கொண்டுவந்தது அந்த ரகம். போதாக்குறைக்கு 1992 போர்தோவில் மழை வருஷம். கோடையிலும் பெய்தது, அறுவடையிலும் பெய்தது. திராட்சையில் தண்ணி ஏறி, ஒயின் நீர்த்துப்போன வருஷம்.

சிவப்பு ஒயின் பாட்டிலுக்குள்ளே மெதுவாக மாறிக்கொண்டே இருக்கும். துவர்ப்பைத் தரும் டானின்களும் நிறம் தரும் பொருட்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து, அடியில் மண்டியாகப் படியும். ஊதா செங்கல் நிறமாகும், பிறகு பழுப்பாகும். பழவாசனை போய் தோல், புகையிலை, காளான், ஈரமண் வாசனைகள் வரும். இதெல்லாம் நிதானமாக நடக்க 12, 13 டிகிரி குளிர் வேண்டும். கார்க் காயாமல் இருக்க பாட்டில் படுத்திருக்க வேண்டும். எங்க பாட்டில் இரும்பு பீரோவில் நின்றபடி 28 திருச்சிக் கோடைகளைப் பார்த்தது. சூட்டில் ஒயினுக்கு வயசு வேகமாக ஏறும். என் கணக்கில் அது தன் உச்சத்தைத் தொட்டபோது நான் இரண்டாங்கிளாஸ் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

இந்த ஊருக்கு ஒயின் வருவது புதுசில்லை. புறநானூற்று 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் ஏந்திக் குடித்து மகிழும்படி பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். 1945-இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் பக்கத்து இருகைச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. செங்கடல் வெயிலைத் தாண்டி வந்த அந்த மது நன்மாறன் கிண்ணத்தில் விழும்போது என்ன வயசில் இருந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

திறக்கலாம் என்று சொன்னது அப்பாதான். பத்து வருஷமாகத் தரகர், பெண் பார்ப்பது, நான் வேண்டாம் என்பது, அம்மா இரண்டு நாள் பேசாமல் இருப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எந்தப் பீடிகையும் இல்லாமல், “பாப்பா, அந்த பாட்டிலைத் திறந்துடுவோமா?” என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, “அதான் கல்யாணத்துக்குன்னு எங்கண்ணன் சொல்லிட்டுப் போச்சே” என்றாள். அப்பா பதில் சொல்லவில்லை.

ஒயினை முகர வேறு வாசனை இருக்கக்கூடாது என்பார்கள். அரியமங்கலத்தில் அது குப்பைக்கிடங்குப் பக்கம் காற்று திரும்பியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஜன்னலைச் சாத்தினோம். ஒயின் பாட்டில் தோளுக்கும் கீழே இறங்கியிருந்தது. கார்க் திருகின உடனே பொடிந்து உள்ளே விழுந்தது. வெள்ளைத்துணியில் வடிகட்டி இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். கரைத்த புளித்தண்ணி நிறம்.

முதலில் நனைந்த அட்டை வாசனை. கொஞ்சம் பொறுத்தால் பழைய புத்தகம், காய்ந்த காளான். வாயில் புளிப்பு முன்னால் வந்தது, பின்னால் வறட்சி. பத்து நிமிஷம் கழித்து எங்கிருந்தோ உலர்ந்த நாவல்பழம் மாதிரி ஒரு இனிப்பு, ஒரே ஒரு வாய்க்கு. “ப்பா, இப்ப குடிங்க” என்றேன்.

அப்பா நாக்கில் வைத்து, அண்ணத்தில் தட்டிப் பார்த்தார். “இதுல நம்ம புளி இருக்கு பாப்பா.”

அவர் சொன்னது சரி. திராட்சையின் முக்கியமான அமிலமும் புளியின் முக்கியமான அமிலமும் ஒன்றே, டார்டாரிக் அமிலம். மற்றதெல்லாம் உதிர்ந்தபிறகும் அது நின்றிருக்கிறது. சொன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

“கெட்டுப்போச்சாப்பா?”

“கெடல. நேரம் தாண்டிருச்சு. ரெண்டும் வேற” என்றார். “இது நல்லா இருந்தப்ப நம்ம யாரும் பக்கத்துல இல்ல. அது இதோட தப்பு இல்லியே.”

அரைமணி நேரத்தில் அந்த இனிப்பு முழுசாகப் போய்விட்டது. மூக்கில் காடி நெடி ஏறியது. அப்பா டம்ளரில் மிச்சம் வைக்கவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, “திங்கக்கிழமை தரகர்கிட்ட இருக்கிற ஜாதகத்தை வாங்கிட்டு வந்துடறேன்” என்றார். பாட்டிலைப் பார்த்தபடியே சொன்னார். நான் சரி என்றேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கொஞ்ச நேரம் நின்று, பிறகு மறுபடி கேட்டது.

சொன்னபடியே வாங்கி வந்தார். அம்மா பாட்டிலை மூன்று தடவை வெந்நீரில் அலசிக் காயவைத்தாள். இப்போது அதில் நல்லெண்ணெய் இருக்கிறது.