மேலக்காட்டுக் கருவை

முதுகுளத்தூர்
ஆவணி 20

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது.  

மேலக்காட்டில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவை முழுவதையும் ஜேசிபி விட்டுப் பிடுங்கப் போவதாக எழுதியிருந்தாய். அவசரப்படாதே. கண்மாய் வரத்துக்காலிலும் கிணற்றடியிலும் நிற்பதை ஒன்று விடாமல் எடுத்துவிடு. அதில் எனக்கு மறுபேச்சில்லை. தண்ணீர் வரும் வழியை அடைத்து, கிணற்று ஊற்றையும் உறிஞ்சிவிடும். ஆனால் எடுப்பதைத் தூரோடு எடு. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக இறங்கி வெட்டினார்கள். மேலே வெட்டித் தூரை விட்ட இடங்களில் அடுத்த மழைக்கே முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்துவிட்டது. தரைக்குக் கீழே ஒரு முழம் தோண்டித் தூரைப் பெயர்த்தால்தான் அது அடங்கும். பெயர்த்த தூரும் வீணில்லை. கரிமூட்டம் போடுகிறவர்கள் தூர்க்கரிக்குத் தனி விலை தருவார்கள்.

மேட்டுக் களர் நிலத்தில் நிற்கும் கருவையின் கதை வேறு. அங்கே உன் தாத்தா காலத்திலேயே கம்புகூடச் சரியாக விளைந்ததில்லை. இந்த மரத்தின் வேர்முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். உதிரும் இலை மக்கி மண்ணில் சேரும். கர்னாலில் உள்ள மத்திய உவர் நில ஆராய்ச்சி நிலையத்தார், கருவை வளர்ந்த களர் மண்ணின் காரத்தன்மை குறைவதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். வாய்க்கால் ஓரத்துப் பெரிய கருவையடியில் ஒரு கை மண் அள்ளிப் பார். கறுத்து, பொலபொலவென்று உதிரும். நாலடி தள்ளி வெட்டவெளியில் அள்ளினால் வெளுத்த கட்டிதான் வரும்.

அதற்காகப் புதராகவே விட்டுவைக்கச் சொல்லவில்லை. புதராக இருந்தால் விறகுக்கு மேல் அதனால் பயனில்லை, காட்டுப்பன்றிதான் அடையும். ஒரு தூரில் பத்துப் பதினைந்து கிளை வெடித்திருக்கும். நேராகவும் திடமாகவும் இருக்கும் ஒன்றை நிறுத்தி மற்றதை அறுத்துவிடு. மரத்துக்கு மரம் பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளி இருக்கட்டும். பருக்கப் பருக்க இடையில் உள்ளதைக் கரிக்கு எடுத்துக்கொள்ளலாம். பக்கக் கிளைகளை விரல் பருமனில் இருக்கும்போதே ஆள் உயரத்துக்குக் கழித்துவிடு. முற்றிய பிறகு கழித்தால் கணு உள்ளே இறங்கிப் பலகை கெட்டுவிடும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அடியில் புதிதாக வெடிப்பதைக் கிள்ளாவிட்டால் மறுபடி புதர்தான்.

அப்படிப் பருத்த மரத்தின் வைரம் செம்பழுப்பாக, கல்லுப்போல் இருக்கும். காய்ந்தால் அதிகம் சுருங்காது. அதனால் கதவு, நாற்காலி, தரைப்பலகை எல்லாவற்றுக்கும் ஆகும். அர்ஜென்டினாவில் இதே பேரினத்து மரத்தில்தான் காலங்காலமாகக் கதவும் மேசையும் செய்கிறார்கள். வெட்டியதும் பட்டையை உரித்து நிழலில் அடுக்கு. வெளிப்பக்க வெள்ளையில் வண்டு சீக்கிரம் விழும்.

காய் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. இனிப்புக்காக ஆடுமாடு விழுந்து தின்னும். விதை சாணத்திலும் புழுக்கையிலும் முழுசாக வெளியேறி, பக்கத்துப் புஞ்சையெல்லாம் முளைக்கும். பழுத்து உதிர்வதற்குள் உலுக்கிப் பொறுக்கி, விதை நொறுங்க இடித்துத் தீவனத்தில் கலந்துவிடு. நம் மரத்தால் அடுத்தவர் காடு கெடக்கூடாது.

இடைவெளியில் வேம்பும் வன்னியும் வைப்போம். கருவை இலை மற்ற விதைகளை எளிதில் முளைக்க விடாது. அதனால் நல்ல கன்றாக நடவேண்டும். அவை தலையெடுத்ததும் கருவையை வரிசை வரிசையாகக் குறைத்துக்கொண்டே போகலாம். வேலையாள் இல்லாமல் களரைத் திருத்தித் தந்த மரம் அது. அதன் கூலியைப் பலகையாக வாங்கிக்கொண்டு அனுப்புவதுதான் நியாயம்.

ஜேசிபிக்காரரிடம் வரத்துக்கால் வேலையை மட்டும் பேசு. ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. சுண்ணாம்பு கரைத்து வைக்கிறேன். எது நிற்கவேண்டும், எது போகவேண்டும் என்று இருவரும் நடந்து குறி போட்டுவிடலாம்.

அன்புடன்,
மாமா