நாலு கம்பியும் பள்ளிவாசல் மைக்கும்



இதைப் படித்துவிட்டு, "இந்த மௌலவிக்கு என்ன நடந்துவிட்டது?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கேளுங்கள். கடைசிவரை படித்துவிட்டுக் கேளுங்கள், அவ்வளவுதான்.

என் ராத்தாவுக்கு ஒரே மகன். மச்சான் வபாத்தான பிறகு தையல் மெஷினை மிதித்தே அவனை வளர்த்தாள். அவன் இப்போது கல்யாண மண்டபங்களில் வாசிக்கும் ஒரு பேண்ட் குழுவில் பேஸ் கிட்டார்காரன். மாதா மாதம் உம்மாவின் கையில் காசு கொடுக்கிறான். அவளோ அதில் ஒரு சதமும் தொடுவதில்லை. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, கண் பார்வை மங்கிய இந்த வயதிலும் ஊரார் சட்டைக்குப் பொத்தான் தைத்துச் சாப்பிடுகிறாள்.

"தம்பி, நீங்க வந்து அவனுக்குக் கொஞ்சம் சொல்லுங்க. நான் சொன்னா அவன் சிரிக்கிறான்" என்று ஒரு நாள் டெலிபோனில் அழுதாள்.

போனேன். ஆயத்துகளையும் ஹதீஸ்களையும் வழியெல்லாம் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டுதான் போனேன். அவன் அறைக்குள் பாயில் உட்கார்ந்து, ஒரு பழைய சாரத் துண்டால் கிட்டார்க் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். எடுத்த எடுப்பில் நஸீஹத் செய்யக்கூடாது என்பதால், "என்ன மகன், இதில் நாலு கம்பிதானா?" என்று கேட்டுவைத்தேன். அந்த ஒரு கேள்விக்கு ஒன்றரை மணித்தியாலம் பதில் வந்தது.

"நாலு போதும் மாமா. அஞ்சு, ஆறு கம்பி வச்சதும் இருக்கு. எனக்குத் தேவையில்ல" என்றான். 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபென்டர் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன்' என்ற வடிவம்தான் இன்றைக்கும் தனக்குப் பிடித்தது என்றான். அதற்கு முன்பு ஆள் உயரப் பெட்டி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசிப்பார்களாம். அவன் கையில் இருந்தது அசல் அல்ல, அதைப் பார்த்துச் செய்த மலிவான ஒன்று. அதில் அவனுக்கு வெட்கமே இல்லை.

"கடைக்காரன் விலை கூடினதைத்தான் நல்லதுண்டு சொல்லுவான். சத்தம் முதல்ல விரல்ல இருக்கு. பிறகு கம்பியில. பிறகுதான் கிட்டார். ஸ்பீக்கர் எல்லாம் கடைசி."

கழுத்துப் பக்கமாக ஒரு கம்பியைத் தட்டிக் காட்டினான். உருண்டு திரண்ட சத்தம். அதே கம்பியைக் கீழே, கட்டை ஓரமாகத் தட்டினான். காய்ந்த, கடினமான சத்தம். கம்பி ஒன்று, விரல் ஒன்று, இடம் மட்டும்தான் வேறு. மக்ரஜ் பாடம் நடத்தும் எனக்கு இதை விளங்கிக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. தொண்டையில் பிறக்க வேண்டிய 'ஹா'வை வாயில் பிறக்கவிட்டால் என்ன நடக்கும் என்று தினமும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவன் அல்லவா நான்!

கம்பியிலும் இரண்டு சாதி உண்டாம். வெளியே உருண்டைக் கம்பி சுற்றியது பளீரென்று ஒலிக்கும், விரல் உரசும் சத்தமும் கூடவே கேட்கும். தட்டைக் கம்பி சுற்றியது மொத்தமாக, அடக்கமாக ஒலிக்கும். இவன் தட்டைக் கம்பிக்காரன். 2022இல் ரூபா விழுந்த பிறகு ஒரு செட் கம்பியின் விலையைக் கேட்டாலே பயமாக இருக்கிறதாம். நம் ஊர்க் கடல் காற்றும் கை வியர்வையும் உருக்கைத் தின்றுவிடும், அதனால்தான் இந்தத் துடைப்பு. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தாராம். 1983இல் இறந்துபோனவர். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார், ஒரேயொரு ஆள்காட்டி விரலால் வாசிப்பார். அவர் வாசித்த இசைத்தட்டுகளில் நீண்ட காலமாக அவருடைய பெயரைக்கூடப் போடவில்லையாம். இதைச் சொல்லும்போது பிள்ளையின் குரல் கொஞ்சம் மாறியது.

"என்ட வேலையும் அப்பிடித்தான் மாமா. நான் வாசிக்கிறது ஒருத்தருக்கும் கேக்காது. நிப்பாட்டினாத்தான், என்னமோ குறையுதுண்டு எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க." ஒருமுறை மணமகள் மண்டபத்துக்குள் நுழையும் நேரத்தில், இரவல் வாங்கிய கிட்டாருக்குள் இருந்த 9 வோல்ட் பெட்டரி செத்துப்போய்விட்டதாம். அன்றிலிருந்து பெட்டரி போடும் கிட்டாரை அவன் தொடுவதில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. பழைய அரபு வாத்தியமான ஊதுக்கும் நாலு கம்பிதான் என்றேன். மிகத் தடித்ததற்குப் பெயர் 'பம்', மிக மெல்லியதற்கு 'ஸீர்'. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் இருந்த இக்வானுஸ் ஸபா என்ற அறிஞர் கூட்டத்தார், அந்தக் கம்பிகளுக்குப் பட்டுநூல் கணக்கே எழுதி வைத்திருக்கிறார்கள்: 64, 48, 36, 27 இழைகள். அவன் உடனே போனை எடுத்து வகுத்துப் பார்த்தான். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு நாலுக்கு மூன்று. "மாமா! என்ட கிட்டாரைச் சுருதி சேக்கிறதும் இந்தக் கணக்குலதான்!" என்று குதித்தான். ராத்தா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். புத்தி சொல்ல வந்த தம்பி இப்படிச் சிரித்துக்கொண்டிருப்பான் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

தவறாக விளங்கிக்கொள்ளாதீர்கள், சகோதரிகளே. மஸ்அலாவை நான் மறைக்கவில்லை. நரம்பு வாத்தியங்கள் கூடாது என்பதே நாலு மத்ஹபுகளிலும் பெரும்பான்மை உலமாக்களின் முடிவு. இப்னு ஹஸ்ம் (றஹ்) போன்றோர் வேறு விதமாகச் சொன்னார்கள், இமாம் கஸ்ஸாலி (றஹ்) இஹ்யாவில் இதற்கென்றே தனிப் பகுதி எழுதினார்கள் என்பதையும் மறைக்கவில்லை. நான் பெரும்பான்மையோடு நிற்கிறவன் என்று அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு மெதுவாக ஒன்று சொன்னான்.

"மாமா, பன்னிரண்டு வயசுல உங்கட்ட ஓத வந்தேன். மேசையில தாளம் தட்டினதுக்குப் பிரம்பால அடிச்சீங்க. ஞாபகம் இருக்கா? உங்கட குன்னாவுக்குத்தான் தட்டினேன். ரெண்டு எண்ணிக்கை நீட்டுங்கோ, ரெண்டு எண்ணிக்கை நீட்டுங்கோண்டு சொல்லுவீங்களே, அந்த எண்ணிக்கைக்கு."

எனக்கு ஞாபகம் இருக்கவில்லை. அடித்தவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? அன்று அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் எழும்பிவிட்டேன்.

வாசலில் செருப்பைப் போடும்போதுதான் எங்கள் பள்ளிவாசலின் நினைவு வந்தது. பெண்கள் பகுதியில் பயான் விளங்குவதில்லை என்று வருஷக்கணக்காக முறைப்பாடு. வசூல் செய்து புது அம்ப்ளிஃபயர் வாங்கினோம், இன்னும் மோசமானது. "இடி இடிக்கிற மாதிரி இருக்கு, சொல்லு ஒண்ணும் விளங்கல்ல" என்பார்கள். "மகன், ஒருக்கா வந்து பார்க்கிறாயா?" என்றேன்.

றமழானுக்கு ஒரு வாரம் இருக்கையில், இஷாவுக்குப் பின் வந்தான். நிர்வாகத்தில் ஒருவர் என்னைத் தூணோரமாக அழைத்து, "கிட்டார் அடிக்கிறவனா பள்ளி மைக்கைத் தொடுவது?" என்று கேட்டார். "மின்சாரம் பழுதானால் திருத்த வருகிறவரிடம் நாம் என்ன கேட்கிறோம்?" என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

பிள்ளை மெஷினைத் தொடவே இல்லை. நேரே பெண்கள் பகுதியின் கடைசி மூலைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, பேசுங்க" என்றான். இத்தனை வருஷத்தில் நாங்கள் யாருமே அங்கே போய் உட்கார்ந்து கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் 'எக்கோ'வை முழுதாக நிறுத்தினான். அடுத்து 'பேஸ்' என்ற திருகியைக் குறைத்தான். பேஸ் வாசிக்கிறவனே பேஸைக் குறைக்கிறானே என்று கேட்டேன். தன் தடித்த கம்பி வினாடிக்கு 41 முறை அதிர்வது, அது தாளத்துக்கு வேண்டும் என்றான். பேச்சுக்கு அது வேண்டாம். சீமெந்துச் சுவரும் உயர்ந்த முகடும் உள்ள இடத்தில் அடித்தொனி அலைந்து திரிந்து, அடுத்த சொல்லின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். சொல்லைப் பிரித்துக் காட்டும் 'ஸீன்', 'ஸாத்', 'தே' எல்லாம் மேல் தொனியில் இருக்கின்றன. மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்தாலும் அடித்தொனி வீங்கும், நாலு விரற்கடை தள்ளிப் பேசுங்கள் என்றான். கடைசியாக மொத்தச் சத்தத்தையும் குறைத்தான். விளங்கவில்லை என்று கூட்டிக் கூட்டித்தான் இன்னும் விளங்காமல் ஆக்கியிருக்கிறோம்.

இன்னொன்றும் சொன்னான். உங்களுக்கு இது முக்கியம். இரவில் அவனுக்குக் காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்கிறதாம், ஓய்வதே இல்லையாம். இப்போது காதடைப்பான் போட்டே வாசிக்கிறான். 85 டெசிபெல் சத்தத்தைக் காது எட்டு மணித்தியாலம் தாங்கும், மூன்று டெசிபெல் கூடக்கூட அந்த நேரம் பாதியாகும், 100இல் கால் மணித்தியாலம்தான் என்பது அவர்கள் கணக்கு. "கல்யாணத்துல கைக்குழந்தையைத் தூக்கிட்டு ஸ்பீக்கருக்கு முன்னால இருக்காங்க மாமா, எனக்குக் கை நடுங்குது" என்றான். விருந்துக்குப் போனால் பிள்ளைகளோடு பின்பக்கத்து மேசையைத் தேடிக்கொள்ளுங்கள்.

தராவீஹின் முதல் இரவு ராத்தாவும் வந்திருந்தாள். படியிறங்கும்போது, "இண்டைக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிச்சு தம்பி. புது மெஷினா?" என்றாள். பழையதுதான் என்றேன். யார் சரிசெய்தது என்பதையும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள்.

நிர்வாகம் அவனுக்கு ஒரு என்வலப் கொடுத்தது. தூணோரம் என்னை அழைத்தவரே அதைக் கையில் கொடுத்தார். அவன் வழக்கம்போல உம்மாவிடம் கொடுத்திருக்கிறான். மறுநாள் ஸஹருக்கு முன்பே ராத்தாவின் டெலிபோன். "தம்பி, இந்தக் காசு சாப்பிடலாம்தானே?"

"தாராளமாக" என்றேன்.

அன்றைய நோன்புக் கஞ்சிக்கு இறைச்சி வாங்கினாளாம். பிஸ்கட் டின் இன்னும் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. அவன் சனி, ஞாயிறுகளில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகிறான், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அரை மணித்தியாலம் முந்தி வந்து மைக்கைப் பார்க்கிறான். அந்தப் பிரம்பை நான் வீட்டில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "எந்த அடியைச் சொல்றீங்க மாமா?" என்று சிரிக்கிறான்.