யார் செலவில் கற்பது?

குருமட நிதிக்குக் காணிக்கையிடும் போதெல்லாம், இவ்வழக்கத்தின் வேர் எது என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. 1563-ஆம் ஆண்டு திரிதெந்தீன் பொதுச்சங்கம் மறைமாவட்டந்தோறும் குருமடம் அமைக்கப் பணித்தது. ஏழைகளின் பிள்ளைகளையே சிறப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். செல்வரின் பிள்ளைகளும் வரலாம், ஆயினும் தங்கள் செலவைத் தாங்களே ஏற்கட்டும் என்றது. திருச்சபைச் சொத்துகளின் வருவாயில் ஒரு பங்கையும் இதற்கென ஒதுக்கியது. வறுமை இறையழைத்தலுக்குத் தடையாகலாகாது என்பதே அதன் கருத்து.

இன்று அமெரிக்காவில் இறைப்பணிக்கான முதுநிலைப் படிப்பில் குருமாணவர் மட்டுமல்லர், பொதுநிலையினரும் அமர்ந்திருக்கின்றனர். அந்நாட்டுப் பங்குகளில் ஊதியம் பெற்று இறைப்பணியாற்றும் பொதுநிலையினருள் பெரும்பாலோர் பெண்கள். பகலில் வேலையும் மாலையில் வகுப்புமாகப் படிக்கும் குடும்பத்தலைவியர் உண்டு. முழுநேரம் படித்தாலே மூன்றாண்டு எடுக்கும் பட்டமும் உண்டு. குருமாணவரின் செலவைப் பெரும்பாலும் மறைமாவட்டம் தாங்குகிறது. பொதுநிலையினர் பலரோ சேமிப்பையோ கடனையோ நம்பியே படிக்கின்றனர்.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், 264-ஆம் எண்ணில், குருமடத்திற்காக வரி விதிக்க ஆயருக்கு அதிகாரம் தருகிறது. 231-ஆம் எண்ணோ, திருச்சபையின் தனிப்பணிக்குத் தம்மை அர்ப்பணிக்கும் பொதுநிலையினர் தகுந்த பயிற்சி பெறுவது கடமை என்கிறது. தக்க ஊதியம் அவர்களது உரிமை என்றும் கூறுகிறது. ஆனால் அப்பயிற்சிக்கென வரி எதையும் அது குறிப்பிடவில்லை.

ஏழை மகனுக்கு அன்று திறந்த கதவு, ஏழைத் தாய்க்கும் திறக்க வேண்டாமா? நம் காணிக்கையில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருத்தல் நீதியே.