சுவரேறிய ஓதம்

வகுப்பில் நெய்தல் திணை நடத்தும்போது 'ஓதம்' என்ற சொல்லுக்குக் கடலலை, கடற்பெருக்கு என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்கு நகர்ந்துவிடுவது என் வழக்கம். அதே சொல்லுக்கு ஈரக்கசிவு என்றொரு பொருளும் உண்டு. "செவுரெல்லாம் ஓதம் காத்துக் கெடக்கும்மா" என்று எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவர் ஆண்டுதோறும் சொல்வது அந்தச் சொல்லைத்தான். தெரிந்த செய்திதான், ஆனால் இரண்டு பொருளையும் ஒருசேர வைத்து நான் எண்ணிப் பார்த்ததில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசிக் காலையில் கூடத்துப் புத்தக அலமாரியின் பின்பலகையைத் தொட்டபோது விரல் மெத்தென்று உள்ளே போயிற்று. ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் கடல் ஆதம்பாக்கத்துக்கு வந்து, என் தந்தையின் நூல்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

வீடு 1984இல் அப்பா கட்டியது. ஏரியை ஒட்டிய தாழ்வான நிலம். அப்போது இருபுறமும் காலிமனைகள். சித்திரை மாதத்துப் பிற்பகலில் கடற்காற்று கூடத்தில் நுழைந்து கொல்லை வழியே வெளியேறும் என்று அம்மா சொல்வார். இப்போது கிழக்கிலும் தெற்கிலும் அடுக்குமாடிகள். எங்கள் சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் குளியலறைக் குழாயைக் காணலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூடத்தில் முழங்காலளவு நீர் இரண்டு நாட்கள் நின்றது. வடிந்த பிறகு சுவரில் உப்புப் பூத்தது. ஈரம் புகாத வண்ணம் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒன்றை வாங்கி அதன்மேல் அடித்தோம். அடுத்த மழைக்காலத்தில் அது அப்பளம்போல் உப்பிக்கொண்டு உதிர்ந்தது. நிலத்திலிருந்து செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறிவரும் நீருக்கு வெளியேற வழி வேண்டும். நாம் அந்த வழியை அடைத்தால் அது இன்னும் ஒரு முழம் மேலேறி வேறு வழி தேடும். இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. மழைக்காலம் வந்தால் இழுப்பு. அந்த ஆண்டு அது கார்த்திகையைத் தாண்டியும் விடவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்தபடி மூச்சுக்காகக் காத்திருப்பார். நான் குற்றவாளியைத் தேடத் தொடங்கினேன். கைக்கெட்டிய முதல் குற்றவாளி சாம்பிராணி. செவ்வாய், வெள்ளிகளில் வீடு முழுவதும் தூபக்காலைச் சுற்றிக்காட்டுவது அம்மாவின் வழக்கம். அடுத்தது கொசுவர்த்தி. மலேசிய, சீனச் சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு இணையானவை என்கிறது. இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மறுநாளே கொசுவலை வாங்கிக் கட்டினோம். சாம்பிராணியை மட்டும் அவர் விடவில்லை. "ஈரத்துக்குப் புகை போடாம வேற எதுக்குடி போடறது?" என்றார்.

இந்த இடத்தில் தமிழ் படித்தவளுக்கு ஒரு சங்கடம். நெடுநல்வாடையில் மழையும் வாடையும் சூழ்ந்த நகரத்தில் பெண்கள் அகிலோடு கண்டசருக்கரை கூட்டிப் புகைக்கிறார்கள். வேனிற்காலத்தில் தென்றலைத் தந்த பலகணிகள் இப்போது தாழிட்டுக் கிடக்கின்றன. அகன்ற வாயுடைய தடாவில் நெருப்பிட்டு ஆடவரும் பெண்டிரும் குளிர்காய்கிறார்கள். பல ஆண்டுகள் அந்தப் பகுதியை அழகு அழகு என்று நடத்தியிருக்கிறேன். தாழிட்ட அறையில் நெருப்பும் புகையும் சேர்ந்தால் மூச்சு என்னவாகும் என்று எந்த மாணவியும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அம்மாவின் வாதம் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. என் வாதத்துக்கு வயது இருபதுதான்.

நுரையீரல் மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "வீட்டில் பழைய புத்தகங்கள் இருக்கின்றனவா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அலமாரியின் பின்பலகை மெத்தென்று போனதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நூல்களைக் காப்பாற்றத்தான் சாம்பிராணியைக் குற்றவாளியாக்கினேன் என்பதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அலமாரியை நகர்த்திப் பார்த்தோம். சுவர் முழுவதும் கரும்பச்சைப் பூசணம். வியப்பு என்னவென்றால், அது வெளிச்சுவரன்று. கூடத்துக்கும் என் மகளின் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள நாலரை அங்குலச் சுவர். ஓதம் ஏறியது ஒரு முழத்துக்குக் கீழேதான். பூசணமோ தலைக்குமேல் வரை இருந்தது. காரணம் மறுபக்கத்தில் இருந்தது. மகள் இரவெல்லாம் ஏசியை 18இல் வைத்து, போர்வை போர்த்திக்கொண்டு உறங்குவாள். சென்னையின் ஐப்பசிக் காற்றில் இருக்கும் நீராவி, ஏறத்தாழ 25 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே நீராகத் தொடங்கிவிடும். குளிர்ந்த சொம்பின் புறத்தே வியர்ப்பது போல, அந்த மெல்லிய சுவர் கூடத்தின் பக்கம் இரவுதோறும் வியர்த்திருக்கிறது. அலமாரி அதை ஒட்டி நின்று காற்றை மறைத்தது. பூசணத்துக்குத் துளிநீர்கூட வேண்டியதில்லை; பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றாலே போதும். உணவாகத் தாளும் பசையும் துணிக்கட்டும் அருகிலேயே இருந்தன.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் வீட்டு ஈரமும் பூசணமும் பற்றித் தனியாகவே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. இத்தனை பூசண வித்துகள் வரை பரவாயில்லை என்று அதில் எண் எதுவும் கிடையாது. ஈரம் தங்கவிடாதே, பூசணம் கண்டால் நீக்கு, அவ்வளவுதான். எனக்கு எண் தேவைப்பட்டது. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தேன்: காலையில் 84. அலமாரி இருந்த மூலையில் 93.

பழைய மயிலாப்பூர் வீடுகளில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி மெல்ல வெளிவிடும். சிமெண்டும் பிளாஸ்டிக் வண்ணமும் அதை உள்ளேயே பூட்டும். மெட்ராஸ் டெரஸ் கூரை உயரத்தில் இருக்கும், அதன்கீழே வெண்டிலேட்டர் வழியே வெப்பக்காற்று வெளியேறும், நடுவே முற்றம். சிலப்பதிகாரம் சாளரத்துக்குக் 'காலதர்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. நாம் வைப்பவை வெளிச்சத்துக்கான கண்ணாடிகள். மீதிப் பாதி, அந்த வீடுகளின் விறகடுப்புப் புகையில் கண் எரிந்த பெண்களைக் கேட்டால் தெரியும்.

சன்னலைத் திறந்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் நம் ஊருக்கு முழுவதும் பொருந்தாது. மழைக்காலத்தில் வெளிக்காற்றே 90 விழுக்காட்டு ஈரத்தோடுதான் வரும். போகியன்று திறந்தால் டயர்ப்புகை வரும். 2018 போகிப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. ஆகவே நேரம் பார்த்துத் திறக்க வேண்டியிருக்கிறது. வெயில் ஏறிய பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை எதிரெதிர்ச் சன்னல்களைத் திறக்கிறோம். சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியே தள்ளும் விசிறி பொருத்தினோம். குக்கர் விசிலும் வெந்நீரும் எவ்வளவு ஈரத்தைக் கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. கூடத்தில் கொடிகட்டித் துணி உலர்த்துவதை நிறுத்தினோம். பிழிந்த ஒரு வாளித் துணியிலும் ஒன்றிரண்டு லிட்டர் நீர் இருக்கும், அது காற்றில்தான் போய்ச் சேரும். ஏசி இப்போது 26. இதற்கு மகளோடு நடந்த போரைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நூல்களைத்தான் சொல்லாமல் தள்ளிக்கொண்டு வருகிறேன். மொட்டைமாடி நிழலில், முகக்கவசம் கட்டிக்கொண்டு, மென்தூரிகையால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நேர்வெயிலில் தாள் நொறுங்கும். அந்துருண்டை பூசணத்தை ஒன்றும் செய்யாது, அதன் வாடையோ மூச்சுக்குக் கேடு. நாற்பத்தொரு நூல்கள் தேறவில்லை. அவற்றில் சில, 1950களில் மர்ரே ராஜம் வெளியிட்ட மலிவுப் பதிப்புகள். சில, பெருமழைப் புலவர் பொ.வே. சோமசுந்தரனார் உரையோடு கழகம் வெளியிட்டவை. பெரும்பாலானவற்றின் மூலம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும். அப்பாவின் பென்சில் குறிப்புகள் அங்கே கிடைக்கமாட்டா. குறிப்புள்ள பக்கங்களையெல்லாம் கைபேசியில் படமெடுத்தேன்; நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பழைய தாள்காரருக்குப் போட மனமில்லை; பூசணம் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டாம். பையில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்தேன். அம்மா வாசலுக்கு வரவில்லை.

படமெடுத்தவற்றுள் ஒன்று, பத்துப்பாட்டுப் பதிப்பின் கடைசி வெற்றுத்தாள். அப்பாவின் கையெழுத்தில் கட்டடக் கணக்கு: சிமெண்ட் மூட்டைகள், மணல் லோடு, கொத்தனார் கூலி. கீழே, 'டி.பி.சி. - பிறகு பார்க்கலாம்.' அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரம் ஏறாமல் இடவேண்டிய தடுப்புப் பூச்சைத்தான் கொத்தனார்கள் அப்படிச் சொல்வார்கள். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அந்த மாசம் உனக்கு டைபாய்டு. பணமெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போச்சு" என்றார்.

சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு, நீரை விலக்கும் மருந்தைச் செலுத்தி அந்தப் பூச்சுக்கு ஈடுசெய்யும் முறை இப்போது இருக்கிறது. சென்ற வைகாசியில் கூடத்தின் இரண்டு சுவர்களுக்குச் செய்தோம். பழைய பூச்சைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசச் சொன்னபோது மேஸ்திரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மீதமுள்ள நூல்கள் உட்சுவர் ஓரமாக, சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டு நிற்கின்றன. சென்ற ஐப்பசியில் கூடத்துக் கருவி 71க்கு மேல் ஏறவில்லை. அம்மாவுக்கு இழுப்பு இரண்டு முறை வந்தது. தூபக்கால் இப்போது கொல்லைக் கதவுக்கு வெளியே இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கதவை ஒரு சாண் திறந்துவைத்து, கொஞ்சம் உள்ளே வரட்டும் என்று நிற்கிறார். நான் பார்க்காததுபோல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன்.