கம்பளி தராத ஆட்டு நாட்டில்

கம்பளம் விரித்து, அதன்மேல் நீர் நிறைந்த கலசத்தை வைத்து, வாயை மாவிலையால் மூடிய பிறகே ராஜகம்பளத்து நாயக்கர்களின் சபை கூடும் என்று எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் அவர் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதிகளில் இந்தக் குறிப்பு இருக்கிறது. எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி என்று அவர்கள் பாளையம் ஆண்ட ஊர்களும், அவர்கள் இன்றும் வாழ்கிற அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களும் ஒரே வானம் பார்த்த பூமி. ஆட்டுக்கும் இங்கே குறைவில்லை. கம்பளிக்கு வேண்டிய மயிர் இந்த மண்ணிலேயே கிடைத்திருக்கும், அதை அலசி, அடித்து, நூற்ற கைகளும் இங்கேயே இருந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்தக் கைகளைத் தேடித்தான் திருச்சுழிக்குப் போனேன். 1879-இல் ரமணர் பிறந்த ஊர் என்பதால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள்; கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குண்டாற்றுப் பக்கம் இறங்கினால் காய்ந்த காட்டில் செம்மறி மந்தைகள் மேய்வதைப் பார்க்கலாம். தோளில் தொரட்டியோடு மந்தையை மேய்த்து நின்ற ஒரு கீதாரியிடம் பேச்சுக் கொடுத்தேன். கம்பளி பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“நம்ம ஆட்டுல ஏது தம்பி கம்பளி? மழைக்குச் சாக்கை மடிச்சுத் தலையில கொங்காணி போட்டுக்கிடுவோம். அம்புட்டுத்தான்.”

அப்படியே ஓர் ஆட்டைக் காலை வாரிப் பிடித்து என் பக்கம் திருப்பினார். வெள்ளை உடம்பில் செம்பழுப்புப் பொட்டுகள், தொங்கும் காது. வேம்பூர் ஆடு, பொட்டு ஆடு என்றும் சொல்வார்கள். முதுகில் விரலை ஓட்டிப் பார்த்தேன். தோலோடு ஒட்டிப் படிந்த குட்டை மயிர். விலக்கினால் உடனே தோல் தெரிகிறது. சுருள் இல்லை, விரலில் பிசுபிசுப்பு இல்லை, இழுத்து முறுக்குவதற்கு நீளமும் இல்லை. நூற்க ஆசைப்பட்டாலும் முடியாது.

வேம்பூர் ஆடு மட்டுமல்ல. இந்த வட்டாரத்துக்கு உரிய ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் இரண்டும் இதே சாதிதான். கால்நடைத் துறைக்காரர்கள் இவற்றை மயிரின ஆடுகள் என்று தனியாகப் பிரிப்பார்கள், கம்பளியினம் வேறு. வெயில் காய்கிற ஊரில், நாள் முழுக்க நடந்து மேய வேண்டிய ஆட்டுக்குப் போர்வை எதற்கு? இங்கே செம்மறியை வளர்ப்பது கறிக்காகவும் கிடைக்காகவும். அறுவடை முடிந்த வயலில் இரவு கிடை அமர்த்தி, புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கச் செய்து, அதற்குக் கூலியாக நெல்லோ பணமோ வாங்குவார்கள். ராமநாதபுரம் சீமையின் கீதாரிகள் தஞ்சை வரைக்கும் கிடை கொண்டுபோகிறவர்கள். கி. ராஜநாராயணன் ‘கிடை’ எழுதியதும், சு. தமிழ்ச்செல்வி ‘கீதாரி’ எழுதியதும் இந்த வாழ்க்கையைப் பற்றித்தான்.

அப்படியானால் சபையில் விரித்த கம்பளம்? அது வடக்கிலிருந்து வந்த வழக்கம் என்பது என் கணிப்பு. ராஜகம்பளத்துச் சமூகம் தெலுங்கு பேசுவது. முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுச் செய்தி. தக்காணத்து மேட்டு நிலத்தில் தக்காணி என்றொரு செம்மறி உண்டு. பெரும்பாலும் கறுப்பு, முரட்டு மயிர், கம்பளிக்கென்றே அமைந்தது. ஆடு மாறினாலும் விரிப்பு மாறவில்லை.

விரிப்பைத் தக்காணத்திலிருந்துதான் ஒவ்வொரு முறையும் சுமந்து வர வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டிலேயே கம்பளியாடு உண்டு. கோயம்புத்தூர் ஆடு என்கிற குரும்பை, கோவை முதல் மதுரைச் சீமை வரை வளர்ந்தது. திருச்சி கறுப்பு ஆடு பெரம்பலூர், திருச்சி, சேலம், தருமபுரிப் பக்கம். இவற்றை மேய்த்து, மயிர் கத்தரித்து, கம்பளியும் நெய்தவர்கள் குரும்பர்கள். கர்நாடகத்தில் இதே தொழிலைச் செய்தவர்கள் குருபர்கள். சித்ரதுர்காவுக்குப் பக்கத்திலுள்ள செள்ளகெரே இன்றும் கம்பளிக்குப் பேர்போன சந்தை ஊர்.

கம்பளியைச் சுத்தம் செய்வது என்றால் ஐரோப்பியப் புத்தகங்கள் அண்டா, கொதிநீர், காரம் என்றுதான் ஆரம்பிக்கும். மெரினோ போன்ற மெல்லிய மயிர் ஆடுகளுக்கு உடம்பில் சுரக்கும் கொழுப்பு மயிரோடு ஒட்டிக்கிடக்கும். அலசி எடுத்தால் வெட்டிய எடையில் பாதிகூடப் போய்விடலாம். அந்தக் கொழுப்பு வெறும் தண்ணீருக்கு மசியாது. சோப்பு மலிவாகக் கிடைக்காத காலத்தில் புளித்த சிறுநீரை வீடு வீடாகச் சேகரித்து வைத்து அதில் ஊறப்போட்டார்கள். அதிலுள்ள அம்மோனியா கொழுப்பைக் கரைத்துவிடும். ரோமாபுரியின் வெளுப்புக்காரர்களும் சிறுநீரை நம்பியே பிழைத்தார்கள். வெஸ்பேசியன் பேரரசன் அதற்கும் வரி போட்டான். காஷ்மீரத்துப் பெண்கள் பஷ்மினா மயிரில் அரிசி மாவைப் பிசறி, கொழுப்பை மாவு இழுத்துக்கொண்டதும் உதறிவிடுவார்கள். மணக்காத வழி அதுதான்.

தென்னாட்டுக் குரும்பருக்கு இதில் எதுவும் தேவைப்படவில்லை. இங்கத்து முரட்டு மயிரில் கொழுப்பு குறைவு. அழுக்கு என்றால் புழுதி, சாணம், முள். ஆகவே மயிரை அலசுவதை விட்டுவிட்டு ஆட்டையே குளிப்பாட்டினார்கள். கத்தரிப்புக்கு முன்னால் மந்தையைக் குளத்திலோ ஓடையிலோ இறக்கி, ஒவ்வொன்றாகப் பிடித்து முதுகையும் வயிற்றையும் கையால் கசக்கி விடுவார்கள். கரையேறிய ஆடு மறுபடி மண்ணில் புரளாத இடமாகப் பார்த்து நிறுத்திக் காயவிட வேண்டும். அதற்கப்புறம் காலைக் கட்டிக் கிடத்தி, இரும்புக் கத்திரியால் வெட்டு. வருஷத்துக்கு இரண்டு தடவை வெட்டினாலும் ஓர் ஆட்டிலிருந்து கிடைப்பது சில நூறு கிராம்தான். குட்டியின் முதல் வெட்டு மெத்தென்று இருக்கும், கறுப்பும் ஆழமாக இருக்கும். அதைத் தனியாக எடுத்து வைப்பார்கள். கறுப்பு, பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று நிறம்வாரியாகப் பிரித்துவிட்டால் சாயப்பட்டறைக்கும் வேலையில்லை.

முள் பொறுக்குவது கைவேலை. நெருஞ்சி, நாயுருவி, மருளூமத்தை, ஒட்டுப்புல். மேய்ச்சல் காட்டில் என்னென்ன முளைக்கிறதோ அத்தனையும் மயிரில் இருக்கும். இதற்கு அவசரப்படவே கூடாது. விட்டுப்போன ஒரு முள் நூற்கிற விரலைக் குத்தும், இல்லையென்றால் போர்த்துகிறவன் கழுத்தைக் குத்தும்.

மிச்சமிருக்கும் புழுதியை எடுப்பது வில். இந்த இடத்தில்தான் தேடல் என்னை மறுபடி அருப்புக்கோட்டைக்கே கொண்டுவந்து சேர்த்தது. ஊரில் மெத்தை தைக்கும் கடை ஒன்றின் சுவரில் பழைய பஞ்சு வில் தொங்குகிறது. ஆள் உயரம் இருக்கும். ஒரு முனையில் அகலமான பலகை. அதிலிருந்து மறுமுனைக்கு இழுத்துக் கட்டிய நரம்பு. இப்போது எல்லாம் மெஷின்தான் என்றாலும், கடைக்காரப் பெரியவர் நான் கேட்டதற்காகவே எடுத்துக் காட்டினார். பஞ்சுக் குவியலுக்குள் நரம்பை முக்கி, இரு முனையும் தடித்த மரக்கட்டையால் நரம்பைத் தட்டினார். ‘டொய்ங்’ என்ற அதிர்வில் கட்டிப் பஞ்சு துள்ளி எழுந்து, இழை இழையாகப் பிரிந்து, சற்றுத் தள்ளி விழுந்தது. கனமான தூசியும் கொட்டைத் துணுக்கும் இருந்த இடத்திலேயே கீழே தங்கின. அடிக்க அடிக்கக் குவியல் நாலு மடங்கு பெரிதானதுபோல் உப்பியது.

குரும்பர் கம்பளி மயிரைப் பிரித்ததும் இதே வேலைமுறையில்தான். நார் எதுவானாலும் நரம்புக்குக் கவலையில்லை. பஞ்சு கொட்டும் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட பிஞ்சாரிகளில் ஒரு சாரார் குஜராத்தின் கட்ச் பகுதியில் நெசவே இல்லாமல் கம்பளி மயிரை அடுக்கி, நனைத்து, உருட்டி நம்தா விரிப்பு செய்கிறார்கள். பருத்திக் கரிசலுக்கு வில் பழக்கமான கருவி. கருங்கண்ணிப் பருத்தி விளைந்து, கொட்டையும் பஞ்சும் மணையில் பிரிந்து, வில்லில் அடிபட்டு, ராட்டைக்குப் போய்த்தான் அருப்புக்கோட்டைத் தறிகள் ஒரு காலத்தில் ஓடின. கம்பளி நாகரிகம் இங்கே இல்லாமல் போனதற்கு ஆட்டின் உடம்புதான் காரணம். கைத்திறன் குறைவு இல்லை.

வில்லில் பிரிந்த மயிரைப் பெண்கள் ராட்டையில் நூற்றார்கள். ஆட்டுக்காரர்கள் மேய்த்துக்கொண்டே தக்களியிலும் நூற்றார்கள். பாவுக்குப் போடும் கஞ்சி புளியங்கொட்டையில் காய்ச்சியது. கொட்டையின் தோலை நீக்கி, அரைத்து, கூழாக்கி, நீட்டிக் கட்டிய பாவில் பெரிய பிரஷ்ஷால் தடவுவார்கள். புதுக் கம்பளி பலகைபோல் விறைப்பாக இருப்பதும், சாரலைச் சற்று நேரம் தாங்குவதும் இதனால்தான்.

பழமையைப் பற்றி ஒரு வார்த்தை. சிலப்பதிகாரம் புகாரிலும் மதுரையிலும் பட்டு, பருத்தி ஆகியவற்றோடு மயிரையும் நெசவுப் பொருளாகச் சொல்கிறது. எந்த விலங்கின் மயிர் என்று உரைகாரர்களிடம் பேச்சு உண்டு. செம்மறி என்று நாம் அடித்துச் சொல்ல வேண்டாம்.

இன்று அருப்புக்கோட்டைக்காரர் கம்பளியாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மலையேறிப் பார்க்கலாம். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் 1965 முதல் இருக்கிறது. அங்கே வளர்வது பாரத் மெரினோ. நீலகிரியில் சாண்டிநல்லா நிலையம் நீலகிரி ஆட்டைக் காக்கிறது. அந்த இனத்துக்கு அடி நம் கோயம்புத்தூர் ஆடுதான். அதோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் கலந்தன. தக்காணத்திலோ கதை தலைகீழ். கறிக்கு விலை ஏற ஏற, கம்பளியாட்டை விட்டுவிட்டு மயிரின ஆட்டுக்கு மாறுகிறார்கள். கத்தரிக்கிற கூலிக்கு மயிர் கட்டுபடியாகாமல், வெட்டியதை அப்படியே போட்டுவிட்டுப் போகிற மந்தைகளும் அங்கே உண்டு. ஆட்டைக் குளிப்பாட்டுவதில் தொடங்கும் அந்த வரிசை இப்படித்தான் அறுந்துகொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துக் கருங்கம்பளி இருந்தால் வாஷிங் மெஷினில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கம்பளி இழையின் மேல் செதில் உண்டு. சூடும் ஈரமும் கசக்கலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கிக் கட்டியாகிவிடும், பிறகு விரியாது. முதலில் வெயிலில் உதறித் தட்டுங்கள். பூந்திக்கொட்டையை ஊறவைத்த பச்சைத் தண்ணீரில் முக்கி, பிழியாமல் அழுத்தி எடுத்து, கொடியில் தொங்கவிடாமல் நிழலில் பாயில் விரித்துக் காயவையுங்கள்.